பெண் பார்க்கப் போன வேன்

அன்றைக்கு நான் கட்டியிருந்தது அரக்கு நிறப் பட்டு. என் மகன் கல்யாணத்துக்கு எடுத்தது. பீரோவில் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி வைத்திருந்தேன். எடுத்து உதறியபோது பூச்சி உருண்டை வாசனை வந்தது. கொஞ்ச நேரம் மாடியில் காற்றாடப் போட்டுவிட்டுத்தான் கட்டினேன். பெண் வீட்டுக்குப் போகிறோம், பூச்சி உருண்டை வாசனையோடு போனால் நன்றாக இருக்குமா?

என் மகளுடைய மகனுக்குப் பெண் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். பேரனுக்கு இருபத்தேழு வயது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. பெண் ரெட்டியார்பாளையத்தில் என்றார்கள். ஒரு வாரம் முன்னாடியே மகள் வந்து சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீதான் தட்டு எடுத்துட்டு முன்னால போவணும்."

நான் அவளையே பார்த்தேன். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம். அன்றையிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் முன்னால் நின்றதில்லை. நிச்சயம், வளைகாப்பு, எதுவானாலும் சமையல் பக்கம் ஒதுங்கிக்கொள்வேன். யாரும் என்னை ஒதுங்கு என்று சொன்னதில்லை. சொல்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதில்லை. தாலி அறுத்தவள் தாம்பூலத் தட்டைத் தூக்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

"உங்க வூட்டு ஜனங்க இன்னா சொல்லுவாங்க?" என்றேன்.

"இன்னா வேணா சொல்லட்டும். என் புள்ளைக்குப் பொண்ணு பாக்கறதுக்கு எங்கம்மாதான் முன்னால போவும்."

அந்த ஒரு வாரமும் என் கால் தரையில் பாவவில்லை. எவர்சில்வர் தட்டு வேண்டாம், என் மாமியார் காலத்துப் பித்தளைத் தட்டு இருக்கிறது என்று சொல்லி, புளி போட்டு நானே தேய்த்தேன். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன்.

அன்று காலையில் வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம், ஆரஞ்சு, கல்கண்டு எல்லாம் தட்டில் அடுக்கியாகிவிட்டது. பத்தரைக்கு நல்ல நேரம். வேன் வந்தது. மகன் முன்னால் ஏறினான். மகளும் அவள் வீட்டுக்காரரும் பின்னால். நான் நடுவில், மடியில் தட்டோடு. பேரனுக்கு லீவு கிடைக்கவில்லை, முதலில் பெரியவர்கள் பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். மருமகள் வரவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வாடிக் கிடந்தது. எனக்கும் அவளுக்கும் ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை. நான் முன்னால் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வேன் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டியது. மூலக்குளத்தையும் தாண்டியது.

"ரெட்டியார்பாளையம் போயிடுச்சேடா?"

"அதுக்கும் அந்தாண்டம்மா. இதோ வந்துடும்" என்றான் மகன். திரும்பிப் பார்க்காமல் சொன்னான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மகன் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் முகத்தைக் காட்டமாட்டான்.

மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஒரு பெரிய இரும்பு கேட்டுக்குள் வண்டி போய் நின்றது. வாசலில் கோலம் இல்லை. வரிசையாக ஆண் செருப்புகள். வேப்ப மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனுக்குக் கை உதறிக்கொண்டிருந்தது. டம்ளர் டீ பாதி சட்டையில் இருந்தது.

"இன்னாடி இது, பொண்ணு வூட்டுல இத்தினி ஆம்பளைங்க?" என்று கேட்டேன். நெசமாகவே கேட்டேன்.

உள்ளே மேஜை போட்டு ஒரு ஆள் நோட்டு வைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "அம்மா, போனை வண்டியிலயே வெச்சிட்டேன், இதோ வரேன்" என்று மகள் எழுந்தாள். அவள் வீட்டுக்காரரும் எழுந்தார். மகன் மேஜையில் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். போட்டுவிட்டு அவனும் போனான். வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மாள் வந்து, "ஆயா, அந்தப் புடவையை மாத்திட்டு இந்த நைட்டியைப் போட்டுக்கோ" என்று நீட்டினாள்.

என் ஆயுசில் நான் நைட்டி போட்டதில்லை.

இதையெல்லாம் எழுதச் சொன்னது அங்கே எங்களோடு பேச்சுக் கொடுக்கிற ஒரு மேடம். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். எனக்கென்ன அவசரம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை பார்த்தவள். அந்தப் பிரிவில் நாற்பது பொம்பிளைகள். முக்கால்வாசிப் பேர் ரிஜிஸ்டரில் கைநாட்டு வைப்பார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். மேஸ்திரி என் முறை வந்ததும் மை டப்பாவை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்துக் கொடுப்பார். எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். மில்லை மூடியதற்குப் பிறகும் அந்தப் பெருமையை நான் விடவில்லை.

என் மாமியார் ஒரு சொல்தா வீட்டில் வேலை செய்தவர். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டிலிருந்து அவருக்கு ஒரு அவுன்சு கிளாஸ் கிடைத்தது. கோடு போட்ட சின்னக் கண்ணாடி கிளாஸ். நான் மகளைப் பெற்றுப் படுத்திருந்தபோது, பிள்ளை பெற்ற உடம்புக்கு என்று அந்தக் கிளாஸில் பிராந்தி ஊற்றி, பச்சை முட்டையை அடித்துக் கலந்து கொடுத்தார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள். அது மருந்து. மகன் பிறந்தபோதும் கொடுத்தார். அவர் சாகும்போது பித்தளைத் தட்டும் அந்த அவுன்சு கிளாஸும் எனக்கு வந்தன.

மில்லில் நின்று நின்று கால் வீங்கி வரும்போது ஒரு அவுன்சு. மழைக்காலத்தில் ஒரு அவுன்சு. வீட்டுக்காரர் போன பிறகு படுக்கைக்குப் போகும் முன் ஒரு அவுன்சு. ஒரு அவுன்சு, ஒரு அவுன்சு என்றுதான் நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன். எத்தனை தடவை என்று சொல்லிக்கொண்டதில்லை. குடிக்கிறவர்கள் டம்ளரில் குடிப்பார்கள், பாட்டிலோடு குடிப்பார்கள், கடை வாசலில் விழுந்து கிடப்பார்கள். அவுன்சு கிளாஸில் குடிப்பது எப்படிக் குடியாகும்? இந்தக் கணக்கை நான் வருஷக்கணக்காக நம்பினேன். எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் கடை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தனக்கு வாங்கும்போது எனக்கும் வாங்கி வந்து, துணிப்பையில் சுற்றி, "அம்மா, உங்க மருந்து" என்று கொடுப்பார். அவரும் மருந்து என்றுதான் சொல்வார்.

மருமகள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாள் பகலில் நான் பால் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது. அவள் வேலையிலிருந்து வந்தவள் கதவு சன்னலையெல்லாம் திறந்துவிட்டு, என்னை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க குடிக்கிறீங்க. தெனமும் குடிக்கிறீங்க. காலையிலயும் குடிக்கிறீங்க. வாங்க, நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் உங்க கூடவே இருக்கேன். யாருக்கும் சொல்ல வேணாம்."

"இன்னாடி சொன்ன? நான் குடிகாரியா? உங்கப்பன் எந்த சாக்கடையில கெடந்தான்னு ஊருக்கே தெரியும். அவனைப் போயி கூட்டிம்போ ஆஸ்பத்திரிக்கு."

அவள் அப்பா அந்த வருஷம்தான் செத்திருந்தார். குடித்துத்தான் செத்தார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் கையால் நான் சாப்பிடவில்லை. பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து எனக்குத் தனியாகப் பொங்கிக்கொண்டேன். மகன் வந்து கெஞ்சினான். மகள் வந்து சமாதானம் பேசினாள். நான் மசியவில்லை. ஐந்து மாதம்.

மறுபடி அந்த பெஞ்சுக்கு வருகிறேன். சாயந்தரம் டாக்டர் வந்தார். சின்ன வயசுதான். எதிரில் உட்கார்ந்து, "நீங்களா இஷ்டப்பட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நான் பொண்ணு பாக்க வந்தேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டார். உங்கள் வீட்டில் நீங்கள் சம்மதித்ததாகச் சொன்னார்களே என்றார். நான் மடியில் இருந்த தட்டைக் காட்டினேன். நைட்டியை நான் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. பட்டுப் புடவையோடு, ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் நல்ல மனுஷன். மறைக்காமல் சொன்னார். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நாங்க வெச்சிக்க முடியாது. இதுல கையெழுத்துப் போட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போலாம். ஆனா ஒண்ணு. ரொம்ப வருஷமா குடிச்சிட்டுத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாயிடும். இங்க இருந்தா மருந்து குடுத்து மெதுவா நிறுத்துவோம். இப்பவே உங்க கை நடுங்குது பாருங்க."

நடுங்கத்தான் செய்தது. பெண் வீட்டுக்கு வாடையோடு போகக் கூடாதென்று அன்று விடிந்ததிலிருந்து நான் ஒரு சொட்டும் தொடவில்லை. இவர்களுக்காகத்தான் தொடவில்லை.

"குடுங்க பேனாவை" என்றேன்.

பேப்பரை மேஜையில் வைத்தார்கள். பேனாவைப் பிடித்தேன். முதல் எழுத்தின் சுழி வரவில்லை. பேனா பேப்பரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்போதும் வரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "கைநாட்டு வெச்சிடு ஆயா, போதும்."

அந்த டப்பாவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மில்லில் என் முறைக்கு ஒதுக்கி வைத்த டப்பா மாதிரியே இருந்தது.

"எடு அதை அந்தாண்ட" என்றேன். "கை நிக்கட்டும். நின்னதும் கையெழுத்துப் போட்டுட்டே போறேன்."

நான் அங்கே தங்கியதற்கு இதுதான் காரணம். புத்தி வந்து தங்கினேன் என்று சொன்னால் பொய். மகளுக்காகத் தங்கினேன் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய்.

முதல் நான்கு நாள் எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். சுவரெல்லாம் எறும்பு ஊறியது. நான் எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்தேன், எறும்பே இல்லை என்றார்கள். பொம்பிளைகள் பக்கம் ஐந்து கட்டில், மூன்று பேர்தான் இருந்தோம். அதில் ஒருத்தி குருசுக்குப்பத்து மீன்காரி. ஐம்பது வயசிருக்கும். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். நான் எழுந்து உட்கார்ந்த அன்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா ஆயா, ஒன்னை பொண்ணு பாக்கன்னு சொல்லி இட்டாந்தாங்களாமே?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒனக்காவது கல்யாணச் சேதி. எனக்கு எங்கக்கா செத்துட்டான்னு சொல்லி இட்டாந்தானுங்க. வழி பூரா மாரடிச்சிகினு ஒப்பாரி வெச்சிகினே வரேன், கேட்டைத் தாண்டினா எங்கக்கா எதுர்ல நிக்குது. முழுசா. வெத்தில போட்டுகினு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, போட்டேன் அவளை ரெண்டு. செத்தவளை அடிச்ச மொதோ ஆளு நான்தான்."

பல வருஷத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "பொய் சொல்லாத இட்டாந்தா நாம வருவமா ஆயா?" என்றாள். "கேட்டுப் பாத்திருக்கலாமில்ல" என்றேன்.

பத்தாம் நாள் கை நின்றது. டாக்டர் அந்தப் பேப்பரை ஞாபகம் வைத்திருந்தார். கொண்டுவந்து நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். சுழி, கொம்பு, புள்ளி எல்லாம் அதது அதன் இடத்தில் விழுந்தது. அதைப் பார்த்தபோது, இந்தக் கையை இப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "முப்பது நாள்னு சொன்னீங்களே, அதை முடிச்சிட்டே போறேன்" என்றேன். அவர் அதை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். இன்னும் என் சுருக்குப்பையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் வர வேண்டும். வட்டமாக உட்கார வைத்து, குடியால் வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நடுவில் நாங்கள் குறுக்கே பேசக் கூடாது. கேஸ் கதையைச் சொன்னார்கள். பேத்தியின் சடங்கில் நான் பந்தியில் சாய்ந்துவிட்டதைச் சொன்னார்கள். எனக்கு மயக்கம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. எல்லாரும் மயக்கம் என்றே பேசியிருக்கிறார்கள். என் எதிரிலேயே என்னை வைத்து ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

என் முறை வந்தது. மகளைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லியிருக்கலாம். கைகால் கட்டித் தூக்கிட்டு வந்திருந்தாக்கூடப் பரவால்ல. தட்டை எதுக்குடி குடுத்த?"

அவள் அழுதாள். "வேற எதைச் சொன்னாலும் நீ வரமாட்டம்மா."

"கேட்டியா? ஒரே ஒரு தடவ எங்கிட்ட நேரா கேட்டியா?"

"கேட்டவளுக்கு இன்னா கதி ஆச்சுன்னுதான் பாத்தனே" என்றாள். "தனி அடுப்பு."

அப்போதுதான் மகன் முதன்முறையாக வாயைத் திறந்தான். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவ அன்னிக்கு ஏன் வேன்ல வரலன்னு தெரியுமாம்மா? பொய் சொல்லி இஸ்துகினு போறதுக்கு நான் வரமாட்டேன், நேரா சொல்லுங்க, அடிச்சா அடிக்கட்டும்னு மூணு நாள் எங்க கூட சண்டை போட்டா. பொண்ணு பாக்கன்னு பொய் சொல்லலாம்னது அக்கா. தட்டு யோசனை என்னுது."

நான் பெற்ற இரண்டும் சேர்ந்து யோசித்திருக்கின்றன. எதைக் காட்டினால் நான் வருவேன் என்று அதுகளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷம் சமையல் கட்டில் நின்றவளுக்கு எது குறை என்று அதுகளுக்குத் தெரியும். தெரிந்தும் அத்தனை வருஷமும் அதைத் தீர்க்கவில்லை. தூண்டிலில் மாட்டத்தான் அதை எடுத்தார்கள். குடித்ததற்கு எனக்கு எந்தத் தண்டனை கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இது மட்டும் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

முப்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்து எடைக்குப் போடச் சொன்னேன். மருமகள் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு, "உங்கப்பாவைப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றேன். அவள் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அத்தை?" என்றாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம். அவுன்சு கிளாஸை அவள் தூக்கிப் போட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். போடவில்லை. அலமாரியில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. நானே எடுத்துப் போய்க் குப்பை வண்டியில் போட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் அந்த இடத்துக்கு நானே பஸ் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டு, மாத்திரை வாங்கி வருகிறேன். மீன்காரியும் வருவாள். நடுவில் ஒரு தடவை அவள் தவறினாள், திரும்ப வந்து சேர்ந்தாள். நான் தவறவில்லை. எத்தனையோ நாள் நாக்கு கேட்டது. கையைப் பார்த்துக்கொள்வேன்.

மகளிடம் மட்டும் என்னால் முன்போல் இருக்க முடியவில்லை. அவள் "அம்மா, சாப்டியா?" என்று போனில் கேட்டால்கூட, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசனை ஓடும். கோயிலுக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. வீராம்பட்டினம் தேருக்குக் கார் அனுப்புகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, உன் பேரனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். வில்லியனூர்ல."

அதே ரோடு. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அந்த இரும்பு கேட்டுக்குப் பிரிகிற வழி, அதற்குப் பிறகுதான் வில்லியனூர்.

"நெசம்மா இந்தத் தடவ" என்றாள். போனில் பெண்ணின் போட்டோவைக் காட்டினாள். நல்ல களையான பெண். போட்டோ யார் வேண்டுமானாலும் காட்டலாம். "பொண்ணோட அம்மாவுக்குப் போனைப் போடு" என்றேன். போட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா, உங்க வூட்டுல பொண்ணு இருக்குதா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் திகைத்தார்கள். "இருக்குதுங்க."

"கல்யாணத்துக்கு இருக்குதா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் வரதா இருக்குதே. யாரு பேசறது?"

"மாப்பிள்ளையோட அம்மாச்சி. வரோம். டீ போட்டு வைங்க" என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன். உள்ளே மருமகள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பது தெரிந்தது. மகள் சிரிக்கவில்லை.

"தட்டை யாரு எடுக்கறது?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை மகளின் நாத்தனார் எடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் வற்புறுத்தவில்லை. கேட்டதை ஒரு தடவைதான் கேட்பேன். அவள் உள்ளே போய்ப் பரணிலிருந்து அந்தப் பித்தளைத் தட்டை இறக்கிக்கொண்டு வந்தாள். பச்சையேறிக் கிடந்தது. பின்கட்டில் உட்கார்ந்து புளி போட்டு அவளே தேய்த்தாள். தேய்த்துக் கழுவி என் எதிரில் வைத்தாள்.

"நீதாம்மா எடுக்கற. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"வேன்ல வரமாட்டேன். பஸ்ல வரேன்."

"பட்டுப் பொடவையோடயா?"

"பஸ்ஸு ஸ்டாப்புலதான் நிக்கும். என்னை எறக்கி உட்டுட்டு ஓடாது."

ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகளும் பஸ் ஏறினோம். அதே அரக்கு நிறப் பட்டு. மடியில் தட்டு, மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருந்தேன். அந்த வழி பிரிகிற இடம் வந்தபோது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிற்காமல் போயிற்று.

நாங்கள் போய் இறங்கியபோது வேனில் வந்தவர்கள் எல்லாரும் பெண் வீட்டு வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். தட்டு இல்லாமல் எப்படி உள்ளே போவது? பேரன் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மகளின் நாத்தனார் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "வந்துட்டாங்க மகாராணி, டவுன் பஸ்ல" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். நான் துண்டை எடுத்து மருமகளிடம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் வாசல்படி ஏறினேன்.

உள்ளே நெசமாகவே பெண் இருந்தது. டீ கொண்டுவந்து கொடுத்தது. முதல் டம்ளர் எனக்கு. பெண்ணின் அம்மா, "பெரியம்மா மட்டும் ஏன் தனியா பஸ்ல வந்தாங்க?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு வேன் ஒத்துக்காதுங்க" என்றாள் என் மகள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட எனக்கு வாய் துடித்தது. அந்தப் பெண் குனிந்து நின்றுகொண்டிருந்தது. டம்ளரை எடுத்தேன். கை நடுங்கவில்லை.

"ஆமாம்மா. ஒரே ஒரு தடவ ஏறினேன். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன்" என்றேன்.

மகள் தலை குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கிளம்புகிற வரைக்கும் நிமிரவில்லை. பெண் எங்களுக்குப் பிடித்திருந்தது, அவர்களுக்கும் சம்மதம். பூ வைத்துவிட்டு எழுந்தோம்.

வீட்டில் தண்ணீர் வருகிற நேரம். பிடித்து வைக்க வேண்டும் என்று மருமகளை வேனில் போகச் சொல்லிவிட்டு நான் ஸ்டாப்புக்கு நடந்தேன். "இப்ப வூட்டுக்குத்தானம்மா, ஏறேன்" என்று மகன் வேனிலிருந்து கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காலித் தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். வண்டி நகரும்போது யாரோ ஓடிவந்து ஏறினார்கள். மகள். மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பதை நெருங்குகிறவள், அவளுக்கும் முட்டி வலி உண்டு. என்னைப் போலவே. அவள் உட்காரட்டுமா என்று கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த இரும்பு கேட்டுக்குப் பிரிகிற வழி வந்தது, போனது. மூலக்குளம் வந்தது. ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டபோது அவள் முகம் சுளித்தாள்.

தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்தாள். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளும் அப்படி நினைக்கவில்லை. முட்டி வலிக்குமே என்று இடம் விட்டேன். வீடு வருகிற வரைக்கும் நான் சன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.